நிலமும் பொழுதும்: சென்னையின் தென்புறநகரில் குழந்தையோடு குடிபெயர்வோரின் இடத்தேர்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

திருநெல்வேலியிலிருந்தோ கோவையிலிருந்தோ மாற்றலாகிச் சென்னைக்கு வரும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, நான்கு வயதுக் குழந்தை. நகரின் நடுவே வாடகை கட்டாது. புறநகர்தான் என்று முடிவாகிவிடுகிறது. எந்தப் புறநகர் என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு. சித்தப்பா குரோம்பேட்டை என்கிறார். அலுவலக நண்பர் மேடவாக்கம் என்கிறார். தரகர் முடிச்சூரில் ஒரு வீடு இருக்கிறது, காற்று சும்மா அள்ளும் என்கிறார். ஒரு சனி, ஒரு ஞாயிறு. ஏழெட்டு வீடுகள். திங்கட்கிழமை அட்வான்ஸ் கைமாறுகிறது.

இந்த இரண்டு நாள் முடிவு எப்படி எடுக்கப்படுகிறது, அதில் எது விடுபடுகிறது என்பதே இங்கு ஆராயப்படுவது. வடக்கே பல்லாவரம், தெற்கே வண்டலூர், மேற்கே முடிச்சூர், கிழக்கே பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் ஆகியவற்றுக்கு இடைப்பட்ட நிலமே களம். ஆவடி, அம்பத்தூர் பக்கத்துக்கும் எண்ணூர், மணலி பக்கத்துக்கும் வேறு வரலாறு, வேறு காற்று. அவற்றைச் சேர்த்தால் கட்டுரை நீர்த்துப்போகும்.

புறநகர் என்றதும் நேற்று முளைத்த ஊர் என்று நினைப்பதற்கில்லை. கடற்கரை–தாம்பரம் தடத்தில் 1931-இலேயே மின்ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்கு வந்தது. ரயில் தடத்தை ஒட்டிய குரோம்பேட்டை, சேலையூர்ப் பகுதிகளில் மூன்று தலைமுறையாகக் குடியிருப்போர் உண்டு. தடத்திலிருந்து விலகிய மேடவாக்கம், கோவிலம்பாக்கம் பகுதிகள் பெருத்தது பழைய மாமல்லபுரம் சாலையில் மென்பொருள் நிறுவனங்கள் வந்தபின். 'சவுத் சென்னை' என்று விளம்பரம் இவை இரண்டையும் ஒரே கூடையில் போடுகிறது. குழந்தையின் அன்றாடத்தைப் பொறுத்தவரை இவை வேறு வேறு ஊர்கள்.

2. அளவுகோல்

நகர அமைப்புத் துறைக்கு இதில் சொந்தமான ஓர் அலகு உண்டு. அமெரிக்கரான கிளாரன்ஸ் பெரி 1929-இல் 'அக்கம்பக்க அலகு' என்ற கருத்தை முன்வைத்தார். நடுவில் தொடக்கப்பள்ளி, அதைச் சுற்றிக் கால் மைல், அதாவது சுமார் 400 மீட்டர், பெருஞ்சாலைகள் அந்த வட்டத்தின் விளிம்பில் ஓடவேண்டும், ஊடே ஓடக்கூடாது. அண்மைக் காலத்தில் வான் லீர் அறக்கட்டளை 'அர்பன்95' என்ற முயற்சியில் அளவுகோலை இன்னும் தாழ்த்தியது. 95 சென்டிமீட்டர் என்பது நலமான மூன்று வயதுக் குழந்தையின் உயரம். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் ஊர் எப்படித் தெரிகிறது என்பதே அதன் கேள்வி. ஒருமுறை சாலையோரம் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். நிறுத்திவைத்த கார்களின் கதவு, பைக்கின் சைலன்சர், மூடியில்லாத கால்வாய், நாயின் முகம். வேறெதுவும் தெரியவில்லை.

இந்த இரண்டும் பயனுள்ளவை. ஆனால் நம் ஊருக்குப் போதாதவை. பெரி வரைந்த வட்டத்தில் மழை பெய்வதில்லை. ஆகவே நம்மிடமே உள்ள ஒரு பகுப்பை எடுத்துக்கொள்கிறேன். தொல்காப்பிய அகத்திணையியல் வாழ்வை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தில் அமைந்த உணவு, மரம், விலங்கு, தொழில் போன்றவை கருப்பொருள். அங்கு வாழ்வோரின் உறவும் உணர்வும் உரிப்பொருள். காதல் பாடலுக்கு வகுத்த இலக்கணத்தை வாடகை வீட்டுக்கு இழுக்கலாமா என்று புலவர்கள் முகம் சுளிக்கலாம். இழுப்பதற்குக் காரணம் உண்டு.

வீட்டு விளம்பரம் எதை எடுத்தாலும் அதில் இருப்பது முழுக்கக் கருப்பொருளே. பள்ளி இரண்டு கிலோமீட்டர், மருத்துவமனை மூன்று, சூப்பர் மார்க்கெட் நடை தூரம், வண்டலூர் உயிரியல் பூங்கா இருபதே நிமிடம். (ஆண்டுக்கு ஒருமுறை போகும் பூங்காவைத் தினசரி வசதியில் எழுதியவரின் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்.) நிலம் எத்தன்மையது, எந்தப் பொழுதில் அது எப்படி மாறும் என்று ஒரு வரி இருக்காது. தேடுவோரும் அதே வரிசையில்தான் தேடுகிறார்கள். முதற்பொருளைக் கடைசியில் வைக்கிற, பல நேரம் வைக்கவே மறக்கிற அந்த வரிசைதான் பிழை என்பது இக்கட்டுரையின் வாதம்.

3. நிலம்

3.1 ஏரித்தொடர்

தென்புறநகர் அடிப்படையில் மருத நிலம். ஏரி, அதன் கீழ் வயல், வயலுக்குக் கீழ் அடுத்த ஏரி. மேல் ஏரி நிரம்பி வழிந்தால் கீழ் ஏரிக்குப் போகும்படி வெட்டிவைத்த தொடர். சிட்லபாக்கம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் பக்கத்து நீர் செம்பாக்கம் ஏரிக்கு வந்து, அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேரும். சதுப்பு நிலத்து நீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கித் தெற்கே கோவளத்துக் கழிமுகத்தை நோக்கிப் போகும். தாம்பரத்துக்கு மேற்கே கதை வேறு. பெருங்களத்தூர், முடிச்சூர்ப் பகுதியின் நீர் அடையாற்றைத் தேடிப் போகிறது.

வயல்கள் மனைகளாயின. ஏரிகளில் சில சுருங்கின, சில பெயரளவில் நின்றன. நீர் மட்டும் பழைய வழியை மறக்கவில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ஒருகாலத்தில் ஐயாயிரம் ஹெக்டேருக்குக் குறையாமல் பரந்திருந்ததாகச் சொல்லப்படுகிறது. 2022-இல் ராம்சார் பட்டியலில் ஏறியபோது குறிக்கப்பட்ட பரப்பு சுமார் 1,247 ஹெக்டேர். இடைப்பட்ட நிலத்தில் பெருங்குடிக் குப்பைமேடு இருக்கிறது, அலுவலகங்கள் இருக்கின்றன, நாம் பார்க்கப் போகும் இரண்டு படுக்கையறை வீடும் இருக்கிறது.

3.2 உள்வாய், கரை, கலங்கல்

'ஏரிப் பக்கம்' என்று பொதுவாகச் சொல்வதில் பொருளில்லை. ஏரிக்கு எந்தப் பக்கம் என்பதே கேள்வி. நீர் தேங்கி நிற்கும் உட்புறப் பரப்பு உள்வாய். ஏரி நிறைந்தால் முதலில் மூழ்குவது அதன் விளிம்பில் எழுந்த தெருக்கள். மிகைநீர் வழியும் இடம் கலங்கல். அதிலிருந்து கிளம்பும் போக்குக் கால்வாயின் இருமருங்கும் ஏரி நிறைந்த பிறகு பாதிக்கப்படும். கரை மேடு, ஆனால் கரைக்கு வெளியே வயல் இருந்த ஆயக்கட்டுப் பகுதி தாழ்வு. ஒரே ஏரியைச் சுற்றி மூன்று விதமான ஆபத்து, ஆபத்தே இல்லாத மேடும் கூடவே உண்டு. ஊரை வைத்து நல்லது கெட்டது சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 'வேளச்சேரி வேண்டாம், மடிப்பாக்கம் பரவாயில்லை' என்று பேசுவது சுலபம். தேர்வின் உண்மையான அலகு தெரு. சில இடங்களில் தெருவின் ஒரு முனை.

பெயர்கள் ஓரளவு துணை செய்யும். தாங்கல் என்றால் சிறு ஏரி. ஏந்தல் என்றாலும் நீர்நிலைதான். சர்வே எண்ணை வைத்து வருவாய்த்துறையின் பதிவேட்டில் அது பட்டா நிலமா, நீர்நிலைப் புறம்போக்கா என்று பார்க்கலாம்; வாடகைக்கு வருகிறவர்கள் பார்ப்பதில்லை, வாங்குகிறவர்கள் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் வாடகைக்காரரும் பார்க்கவேண்டும். வெள்ளம் பத்திரத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் வருவதில்லை.

3.3 தடயங்கள்

ஆவணம் சொல்லாததைத் தெரு சொல்லும். களத்தில் கவனிக்கத் தக்கவற்றுள் சிலவற்றைச் சொல்கிறேன். தெருவிலிருந்து வீட்டுக்குப் படி ஏறுகிறதா, இறங்குகிறதா? பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் பல வீடுகள் சாலையைவிடத் தாழ்ந்துவிட்டன. வாசலில் இரண்டு படி இறங்கினால், மழைநீரும் அந்தப் படிகளில்தான் இறங்கும். மின் மீட்டர்ப் பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது? தலைக்கு மேல் ஏற்றியிருந்தால் யாரோ பட்டு அறிந்திருக்கிறார்கள். மோட்டாரைத் தரையில் வைத்திருக்கிறார்களா, மேடை கட்டி வைத்திருக்கிறார்களா? மதில் சுவரில் ஒரே மட்டத்தில் ஓடும் பழுப்புக் கோடு எதனுடையது? பக்கத்தில் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கி உயர்த்துகிற வேலை நடக்கிறதா? 2015 வெள்ளத்துக்குப் பின் அது தென்புறநகரில் தனித் தொழிலாகவே வளர்ந்தது.

ஆளைக் கேட்பதென்றால் வீட்டுக்காரரைக் கேட்டுப் பயனில்லை. தெருமுனையில் தள்ளுவண்டியில் இஸ்திரி போடுபவரைக் கேளுங்கள். முடிச்சூர்ப் பக்கம் ஒருவர் கரிப்பெட்டியை எடுக்காமலே சொன்னார்: "இந்தத் தெரு ஒண்ணும் ஆகாது சார். அந்தப் பச்சை கேட்டு வீடு தாண்டிப் போனா, டிசம்பர்ல வண்டிய எங்கிட்டதான் கொண்டாந்து நிறுத்துவாங்க." தரகர் எனக்குக் காட்டியது பச்சை கேட்டுக்கு அந்தப்புறம்.

4. பொழுது

4.1 பெரும்பொழுது

சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. ஐப்பசி, கார்த்திகை ஆகிய கூதிர் காலமே இந்த நிலத்தின் சோதனைக் காலம். 2015 டிசம்பர் 1 அன்று தொடங்கிய ஒரு நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டது. அடையாற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரத்தில் படகு ஓடியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, வேளச்சேரி, பெரும்பாக்கம் பகுதிகளில் பல குடும்பங்கள் பால் இல்லாமல், மின்சாரம் இல்லாமல், கைபேசியில் சார்ஜ் இல்லாமல் மாடியில் நாட்களைக் கழித்தன. பெரியவர்கள் மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவார்கள். நான்கு வயதுக் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் அந்த மூன்று நாள் வேறு கணக்கு.

இங்கேதான் ஒரு முரண் ஒளிந்திருக்கிறது. பள்ளி ஆண்டு ஜூனில் தொடங்குகிறது. எனவே குழந்தை உள்ள குடும்பம் வீடு தேடுவது சித்திரையிலும் வைகாசியிலும். அதாவது இந்த நிலம் முழுதாகக் காய்ந்து கிடந்து, எல்லாத் தெருவும் ஒன்றுபோல நல்ல தெருவாகத் தோன்றும் இளவேனிலில். குழந்தை இல்லாதவர் நவம்பரில் வீடு பார்க்கலாம். பள்ளிக்கு அனுப்பும் குழந்தை உள்ளவர் மே மாதத்தில்தான் பார்க்கிறார். யாருக்கு நிலத்தின் உண்மை முகம் அதிகம் தெரியவேண்டுமோ அவருக்கே அது மறைக்கப்படுகிறது. இதில் யாருடைய சதியும் இல்லை. இரண்டு நாட்காட்டிகள் ஒன்றையொன்று அறியாமல் ஓடுகின்றன.

கோடையில் ஒன்று மட்டும் நன்றாகத் தெரியும்: தண்ணீர்ப் பஞ்சம். 2019 ஜூனில் நகருக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டபோது எந்தத் தெருவில் லாரிக்காக எத்தனை நாள் காத்திருந்தார்கள் என்று கேட்டால், இன்றும் நாள் கணக்குச் சொல்வார்கள்.

4.2 சிறுபொழுது

தரகர் வீடு காட்டுவது ஞாயிறு முற்பகலில். அந்த நேரத்தில் ஜி.எஸ்.டி. சாலைகூடச் சாதுவாக இருக்கும். வேலைநாளில் காலை 7.45 முதல் 8.45 வரை அதே தெருவில் நிற்கவேண்டும். பள்ளி வேன்கள் எங்கே நிற்கின்றன, குழந்தைகள் சாலையின் எந்தப் பக்கம் ஏறுகிறார்கள், எத்தனை பேர் நடந்து போகிறார்கள் என்பது அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். பிறகு மாலை நான்கரைக்கு ஒருமுறை: தெருவில் குழந்தைகள் இருக்கிறார்களா, இல்லை எல்லாக் கதவும் சாத்தியிருக்கிறதா? இரவு ஒன்பதுக்கு ஒருமுறை: தெருவிளக்கு எரிகிறதா, நாய்கள் எத்தனை, மூலையில் மதுக்கடை உண்டா? பல்லாவரமாக இருந்தால் வெள்ளிக்கிழமையும் போகவேண்டும். சந்தை நாளில் அந்த ஊரின் பாதைகளே மாறிவிடும். பம்மல், அனகாபுத்தூர்ப் பக்கமென்றால் குழந்தை மதியம் தூங்கும் நேரத்தில் போய், விமானம் எவ்வளவு தாழப் பறக்கிறது என்று கேட்டுப் பார்க்கவேண்டும்.

5. கருப்பொருள்

முதற்பொருளில் தேறிய தெருக்களுக்கு மட்டுமே இந்தப் பகுதி. வரிசை மாறினால் பள்ளிக்காக வெள்ளத்தை மன்னிக்கத் தொடங்கிவிடுவோம்.

5.1 தண்ணீரும் கழிவும்

2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி அமைந்தபோது ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் அதில் சேர்ந்தன. மேடவாக்கம், முடிச்சூர் போன்றவை ஊராட்சிகளாகவே விடப்பட்டன. அடுக்கு மாடிகள் எழுந்தாலும் குழாயும் பாதாளச் சாக்கடையும் அந்த வேகத்தில் எழவில்லை. பல தெருக்களில் ஆழ்துளைக் கிணறு, லாரித் தண்ணீர், குடிக்கக் கேன், கழிவுக்குச் செப்டிக் டேங்க் என்பதே ஏற்பாடு. நல்ல தண்ணீர் லாரியும் கழிவுநீர் லாரியும் ஒரே சந்தில் ஒன்றுக்கொன்று வழிவிட்டு நிற்கும் காட்சியைத் தென்புறநகரின் சின்னமாகவே வைக்கலாம்.

ஆழ்துளைக் கிணற்று நீரைச் சோதிக்காமல் குடிபோவது சரியல்ல. பல்லாவரம், நாகல்கேணி வட்டாரத்தில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளால் நிலத்தடி நீர் கெட்ட வரலாறு உண்டு. குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் தோல் ஆலையால் வந்ததுதான். குடிநீரில் கரைந்த உப்புகளின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பதை இந்தியத் தர நிர்ணயம் ஏற்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை விடுகிறது. ஒரு பாட்டில் நீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்தால் தெரிந்துவிடும். ஒரு மாத வாடகையோடு ஒப்பிட்டால் அந்தக் கட்டணம் ஒன்றுமே இல்லை.

தேக்கிவைத்த நல்ல நீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடும். லாரித் தண்ணீரை நம்பும் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் தரைத்தொட்டி இருக்கும். மூடியைப் பாருங்கள்; பக்கத்துக் காலி மனையையும்.

5.2 பள்ளி

பள்ளியைப் பற்றிப் பெற்றோருக்கு அறிவுரை தேவையில்லை. ஆளுக்கொரு கொள்கை இருக்கிறது. நான் சொல்ல வருவது முகவரிக்கும் பள்ளிக்கும் உள்ள தொடர்பு மட்டும். கட்டாயக் கல்விச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபின், தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 விழுக்காட்டு இடம் நலிந்த, பின்தங்கிய பிரிவினர்க்கு உண்டு. தமிழ்நாட்டில் அதற்கு வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் என்ற எல்லை கணக்கில் வரும். தகுதியுள்ள குடும்பத்துக்கு ஒரு தெரு தள்ளிப் போவது ஆண்டுக் கட்டணத்தையே மாற்றிவிடலாம். அரசுத் தொடக்கப்பள்ளிகளில் 2023 ஆகஸ்டு முதல் மாநிலம் முழுக்கக் காலைச் சிற்றுண்டி உண்டு. தாய் தந்தை இருவரும் ஏழரைக்கு ரயிலைப் பிடிக்கவேண்டிய வீட்டில் அதைச் சலுகை என்று மட்டும் பார்க்கக்கூடாது, நேரம் என்றும் பார்க்கவேண்டும். வேறு மாநிலத்திலிருந்து வருபவர்கள் வயதையும் கவனிக்க: மாநிலப் பாடத்திட்டத்தில் ஒன்றாம் வகுப்புக்கு ஐந்து முடிந்தால் போதும், கேந்திரிய வித்யாலயாவில் ஆறு.

தூரம் பெரிதானால் வேன். 2012 ஜூலையில் தாம்பரத்தை அடுத்து, ஓடிக்கொண்டிருந்த பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இறந்தாள். உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. பள்ளி வாகனங்களுக்கான தனி விதிகள் அந்த ஆண்டே வந்தன. உதவியாளர் ஒருவர் உடன் இருக்கவேண்டும் என்பது உட்படப் பலவும் அதில் உண்டு. பள்ளியின் பெயர் பொறித்த பேருந்து இந்த விதிக்குள் வரும். தெருவில் பேசி அமர்த்தும் ஆட்டோவில் ஒன்பது குழந்தைகள் அடைந்து போவதை யார் எண்ணுகிறார்கள்? நடந்தே போகக்கூடிய நடுத்தரமான பள்ளி, வேனில் ஒரு மணி நேரம் போகவேண்டிய பெயர்பெற்ற பள்ளியைவிட நான்கு வயதில் மேலானது என்பது என் துணிபு. பதினான்கு வயதில் விடை மாறலாம்.

5.3 விளையாட்டிடம்

புறநகரில் பூங்கா ஏன் அரிது? விடை மனைப்பிரிவு விதியில் இருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை நீங்கலான பரப்பில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சியிடம் ஒப்படைக்கவேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் நிலத்துக்கு ஈடாகப் பணம் கட்டலாம். 3,000-க்குக் கீழே கடமையே இல்லை. 3,000 சதுர மீட்டர் என்பது சுமார் 13 கிரவுண்டு. வயலைத் துண்டு துண்டாக விற்ற ஊரில் பத்துப் பதினைந்து மனைப்பிரிவுகள் அடுத்தடுத்து அமைந்தும் ஒரு ஊஞ்சல் இல்லாமல் போவது இப்படித்தான். தெருப் பெயர்ப்பலகையில் ஒரே தொடர்ப்பெயர் நீண்ட தூரத்துக்கு வந்தால் அது பெரிய மனைப்பிரிவு. உள்ளே எங்கோ பூங்காவுக்கான இடம் இருந்தாக வேண்டும். அது இன்று பூங்காவாக இருக்கிறதா, குப்பை கொட்டும் இடமாக இருக்கிறதா என்பதைப் பார்த்தால் அந்த நலச்சங்கத்தின் இயல்பும் தெரிந்துவிடும். சிட்லபாக்கம் ஏரியில் 2019-இல் ஊர்க்காரர்களே இறங்கிக் குப்பை வாரினார்கள். அரசு வேலை அதன்பின் வந்தது. அப்படி இறங்கும் ஆட்கள் உள்ள ஊர் என்பதைப் பூங்காவுக்கு மேலான வசதியாகவே கருதுகிறேன்.

5.4 மருத்துவம்

சுருக்கமாகவே சொல்லலாம். இரவு பத்து மணிக்கு மேல் திறந்திருக்கும் குழந்தை மருத்துவர் எங்கே என்று தெரிந்திருந்தால் போதும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை தடுப்பூசி நாள். ஐந்து வயதில் போடவேண்டிய முத்தடுப்பு ஊக்க ஊசி ஊர் மாறும் பரபரப்பில் பல வீடுகளில் விட்டுப்போகிறது. தடுப்பூசி அட்டையைப் பாத்திரப் பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள்.

5.5 வழி

ரயில் தடமும் ஜி.எஸ்.டி. சாலையும் அருகருகே ஓடி ஊரை இரண்டாகக் கிழிக்கின்றன. மேற்குத் தாம்பரம், கிழக்குத் தாம்பரம் என்று பெயரே அப்படித்தான். கிழக்கில் வீடும் மேற்கில் பள்ளியும் என்றால், வரைபடத்தில் எண்ணூறு மீட்டர். கையில் குழந்தையோடு நடைமேம்பாலம் ஏறி இறங்கினால் அரை மணி. வாகனத்தின் வேகத்தைக் கணித்துச் சாலை கடக்கும் திறன் எட்டு, ஒன்பது வயதுக்கு முன் முதிர்வதில்லை என்பதால் இந்தக் கடவு இன்னும் ஐந்து ஆண்டுக்குப் பெற்றோரின் வேலை. பெரி தம் வட்டத்தின் விளிம்புக்குப் பெருஞ்சாலையைத் தள்ளியது சும்மா அல்ல.

6. உரிப்பொருள்

நகர அமைப்பு ஆய்வாளரான டொனால்டு ஆப்பிள்யார்டு சான் பிரான்சிஸ்கோவில் ஒன்றுபோலத் தோன்றும் மூன்று தெருக்களை ஆராய்ந்து 1981-இல் நூலாக்கினார். ஒரு நாளைக்கு 2,000 வண்டி போகும் தெருவில் ஒருவருக்குச் சராசரியாக மூன்று நண்பர்கள். 16,000 வண்டி போகும் தெருவில் ஒருவர்கூட நிறையவில்லை, 0.9. நம் ஊரில் இதே கணக்கு வரும் என்று சொல்லமாட்டேன். திண்ணை போனாலும் வாசற்படிப் பேச்சு இன்னும் போகவில்லை. ஆனால் வண்டி கூடக்கூட வாசலுக்கு வருவோர் குறைவது கண்கூடு. பெரியவர் வாசலில் இல்லாத தெருவில் குழந்தை வாசலுக்கு விடப்படுவதில்லை.

வாயிற்காவல் உள்ள அடுக்ககமா, தனித் தெருவா என்ற விவாதம் ஓயாது. அடுக்ககத்தில் வண்டி பயமில்லை, ஒத்த வயதுக் கூட்டம் உண்டு. அங்கே குழந்தை பார்க்கும் உலகம் ஒரே சம்பளத் தட்டைச் சேர்ந்தது என்பதும் உண்மை. தனித் தெருவில் அரசுப் பள்ளிக்கும் தனியார் பள்ளிக்கும் போகும் பிள்ளைகள் ஒரே மட்டையால் ஆடுகிறார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதவேண்டும். 'சைவம் மட்டும்' என்ற பலகை உணவைப் பற்றியது மட்டுமல்ல என்று வீடு தேடியவர்களுக்குத் தெரியும். பெயரைக் கேட்டதும் 'வீடு முடிஞ்சிடுச்சே' என்று சொல்லும் குரலையும் பலர் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பலகை உங்களைத் தடுக்காவிட்டாலும், அது தொங்கும் தெருவில் உங்கள் குழந்தை யாரோடெல்லாம் விளையாடாமல் வளரும் என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம்.

தேர்வு என்ற சொல்லே எல்லாருக்கும் உரியதல்ல. இதே களத்தின் கிழக்கு விளிம்பில் பெரும்பாக்கத்து எட்டு மாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன. வடகிழக்கே கண்ணகி நகர். நகரின் ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. அவர்களுக்கும் நான்கு வயதுக் குழந்தைகள் இருந்தார்கள். தெருவைப் போய்ப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. பல குழந்தைகளுக்குப் பள்ளி ஆண்டின் நடுவிலேயே ஊர் மாறியது. சதுப்பு நிலத்தின் ஓரத்தில் யாரை அமர்த்துவது என்ற முடிவை நிலம் எடுக்கவில்லை.

7. பதினொரு மாதம்

மே மாதத்தில் பார்த்து டிசம்பரை அறிய முடியாது என்றால் என்ன வழி? வழி நம் வாடகை வழக்கத்திலேயே இருக்கிறது. ஓராண்டுக்குக் குறைந்த குத்தகைக்குப் பதிவுச் சட்டப்படி பதிவு கட்டாயமில்லை என்ற காரணத்தால் பிறந்தது பதினொரு மாத ஒப்பந்தம். செலவு மிச்சம் பிடிக்கக் கண்டுபிடித்தது இடத்தேர்வுக்குப் பொருத்தமான கருவியாகவும் அமைகிறது. ஜூனில் குடிபுகுந்தால் ஏப்ரல் கடைசியில் முடியும். இடையில் ஒரு முழுக் கூதிர் காலம், ஒரு தீபாவளிப் புகை, கோடையின் முதல் தண்ணீர் லாரி. வாங்குவதாக இருந்தாலும் அதற்கு முன் இந்தப் பதினொரு மாதம் அதே தெருவில் வாடகைக்கு இருப்பது நல்லது. அட்வான்சைப் பொறுத்தவரை, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம். பத்து மாதம் கேட்கும் பழைய வழக்கம் அந்த 'வேறு உடன்பாடு' என்ற சந்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. பேரம் பேசலாம். பத்து மாதப் பணத்தை ஒரே இடத்தில் முடக்கியவர் கார்த்திகையில் கால்வரை தண்ணீர் வந்தாலும் வீட்டைக் காலி செய்யத் தயங்குவார்.

இந்த முறையிலும் ஒரு குறை உண்டு. ஏப்ரலில் பெற்றோர் கணக்குப் பார்த்து இந்தத் தெரு வேண்டாம் என்று முடிவெடுக்கும்போது, குழந்தைக்கு எதிர்வீட்டில் ஒரு கூட்டாளி கிடைத்திருப்பான். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. பச்சை கேட்டுக்கு இந்தப்புறமே நான்கு வீடு தள்ளி இன்னொரு வீடு காலியாகும்வரை, மகள் சாப்பிடும்போதெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தாள்: "அப்பா, அவனும் நம்மகூட வருவானா?"